ஹெட்லைட் வெளிச்சம் காணாதா? பல்பை மாற்றுமுன் வயரைப் பாருங்கள்

மாரி மழை தொடங்கிவிட்டால் என் பட்டறைக்கு வருகிற கார்க்காரர்களில் பாதிப்பேர் கேட்பது ஒன்றைத்தான்: "லைட் காணாது, நல்ல எல்.ஈ.டி ஒரு செற் போட்டுத் தாங்க." களுவாஞ்சிகுடியில் ஓட்டோ எலெக்ட்ரிக் வேலை செய்கிற எனக்கு எல்.ஈ.டி விற்பதில் லாபம்தான், வேலையும் கால் மணித்தியாலத்தில் முடியும். ஆனால் அப்படிப் போட்டுக்கொண்டு போனவர்களில் பலர் திரும்பி வந்து, "கிட்ட நல்லா வெள்ளையாத் தெரியுது, தூரத்துல ஒண்டும் விளங்குதில்ல, எதிர்ல வாறவன் எல்லாம் ஹெட் அடிக்கிறான்" என்பார்கள். அதனால் இப்போதெல்லாம் முதலில் வோல்ட் பார்க்கிற மீற்றரை எடுக்கிறேன். பல்ப் பிறகு.

எங்கள் பக்கத்து வீதிகளை யோசித்துப் பாருங்கள். கல்முனைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் ஏ4 வீதியில் கடை வெளிச்சமாவது இருக்கும். பட்டிருப்புப் பாலம் தாண்டி வெல்லாவெளிப் பக்கம் போனால், அல்லது செங்கலடியில் கிறுகிக் கறுப்புப் பாலம் தாண்டி மகா ஓயா வீதியில் ஏறினால், உங்கள் ஹெட்லைட்டைத் தவிர வேறு வெளிச்சம் இல்லை. தார் சூடாக இருக்கிறதென்று நடு வீதியில் மாடு படுத்திருக்கும். வெட்டுக் காலத்தில் பின்னால் ஒரு சிவப்புத் துண்டுகூட இல்லாமல் நெல் மூட்டையோடு லேண்ட்மாஸ்டர் போகும். இங்கே தேவைப்படுவது தூரத்தில், இடது ஓரத்தில் விழுகிற வெளிச்சம். காரின் மூக்குக்கு முன்னால் பாய் விரித்த மாதிரி வெள்ளையாகக் கிடப்பது பார்க்க அழகு, அவ்வளவுதான். கிட்டத்தில் அளவுக்கு மிஞ்சி வெளிச்சம் விழுந்தால் கண்மணி சுருங்கிவிடும், தூரம் இன்னும் இருட்டாகத்தான் தெரியும்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் கண்ணாடி. இப்போதைய கார்களில் அது கண்ணாடி அல்ல, பொலிகார்பனேற் பிளாஸ்டிக். வெயிலில் நின்று நின்று மேல் பூச்சுப் போய் மஞ்சளாகிவிடும். பகலில் பார்க்கும்போது உள்ளே பல்ப் தெளிவாகத் தெரியவில்லை என்றால், எந்தப் பல்ப் போட்டும் காசு வீண்தான். லைட்டைச் சுற்றிப் பெயின்றில் டேப் ஒட்டிவிட்டு, தண்ணீர் ஊற்றி ஊற்றி 1000, 1500, 2000, முடிந்தால் 3000 இலக்க வோட்டர் பேப்பரால் வரிசையாகத் தேய்க்க வேண்டும். ஒவ்வொரு இலக்கத்துக்கும் தேய்க்கும் திசையை மாற்றுங்கள், முந்தைய கீறல் போய்விட்டதா என்பது அப்போதுதான் தெரியும். பிறகு கட்டிங் கொம்பவுண்ட் போட்டு மினுக்கலாம். அதோடு நிறுத்தினால் சில மாதங்களில் பழையபடி மஞ்சளாகும். புற ஊதாக் கதிரைத் தாங்குகிற கிளியர் கோட் ஒன்று அடித்தே ஆக வேண்டும். பற்பசையால் தேய்க்கிற வைத்தியம் ஒரு கலியாண வீட்டுக்குப் போய்வரக் காணும்.

அடுத்தது வயர், நான் அதிக நேரம் செலவழிக்கிற இடம்.

ஹலஜன் பல்ப் வோல்ட்டுக்கு மிகவும் கூச்சப்படுகிற சாமான். எச்4 என்பது டிம் (தாழ்ந்த வெளிச்சம்), ஹெட் (தூர வெளிச்சம்) இரண்டுக்கும் இழை உள்ள ஒரே பல்ப். அதன் கணக்கை 13.2 வோல்ட்டில் வைத்துத்தான் சொல்வார்கள்: டிம்மில் 55 வாட், சுமார் 1000 லுமென் (வெளிச்சத்தின் அளவு), ஹெட்டில் 60 வாட், சுமார் 1650 லுமென். அந்த 13.2 வோல்ட் பல்பின் காலுக்கு வந்துசேர வேண்டும். வோல்ட் குறைந்தால் வெளிச்சம் அதே அளவில் குறையாது, அதைவிட வேகமாக, ஏறத்தாழ வோல்ட்டின் 3.4ஆம் அடுக்கில் விழும். 13.2 இருக்க வேண்டிய இடத்தில் 12 வந்தால் கால்வாசிக்கு மேல் வெளிச்சம் காணாமற் போய்விடும். பழைய வண்டிகளில் ஹெட்லைட்டின் முழுக் கரண்டும் பற்றரியிலிருந்து ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சுவிச் வரை போய், சுவிச்சுக்குள் பாய்ந்து, திரும்ப முன்னால் வரும். ஒல்லியான ஹோஸில் தூரத்துத் தென்னைக்குத் தண்ணீர் விடுகிற மாதிரி, போகிற வழியிலேயே வோல்ட் குறைந்துவிடும். அதோடு இங்கே உப்புக் காற்று. கல்லடி, காத்தான்குடி, காரைதீவு என்று கடலோரத்தில் நிற்கிற வண்டிகளின் எர்த் ஆணியை (மைனஸ் வயரை வண்டியின் இரும்போடு பிடிக்கிற ஆணி) கழற்றிப் பாருங்கள், பச்சைப் பாசி பூத்திருக்கும்.

அளப்பது இப்படி. எஞ்சினை ஓட விட்டு, டிம்மைப் போடுங்கள். மீற்றரை டீசி 20 வோல்ட்டில் வைத்து முதலில் பற்றரியின் இரண்டு முனையிலும் பாருங்கள். 13.8க்கும் 14.4க்கும் இடையில் இருந்தால் ஓல்டர்நேட்டர் நல்லது. 14.8, 15 என்று காட்டினால் அதை முதலில் சரிசெய்யுங்கள், பல்ப் அடிக்கடி சுடுவதற்குக் காரணம் அதுதான். பிறகு பல்ப் எரிந்துகொண்டிருக்கும்போதே ஹோல்டரின் பின்பக்கமாக மீற்றர் ஊசியைச் செருகி, பல்பின் காலில் பாருங்கள். ஹோல்டரைக் கழற்றி வைத்துக்கொண்டு அளந்தால் கரண்ட் ஓடாது, எல்லாம் நல்லது போலக் காட்டும். எரியும்போதுதான் உண்மை தெரியும்.

மண்டூரிலிருந்து ஒரு சேர் தன் பழைய மாருதியைக் கொண்டு வந்தார். கண்ணில் சத்திரசிகிச்சை முடிந்தவர். "தம்பி, இனி எனக்கு எல்.ஈ.டி இல்லாம ராவுல ஓடேலாது" என்றார். "சேர், ஒரு நிமிசம் பொறுங்க, முதல்ல மீற்றரப் பாப்பம்." பற்றரியில் 14.1. பல்ப் காலில் 12.3. ஹோல்டரை இழுத்தேன், கையோடு வரவில்லை, பிளாஸ்டிக் இளகிப் பல்பின் காலோடு ஒட்டியிருந்தது. வெள்ளையாக இருக்க வேண்டிய இடம் தேயிலைச் சாயம் பட்டது போல் மண்ணிறம், உள்ளே ஒரு தகடு கறுத்துப் போய் வாய் பிளந்திருந்தது. சேருக்கு ரிலே போட்டுக் கொடுத்தேன்: சுவிச்சின் சின்னக் கரண்டால் இழுபட்டு, பற்றரியிலிருந்து நேரே பல்புக்குக் கரண்ட் விடுகிற சின்னப் பெட்டி அது. பல்ப் காலில் 13.6 வந்தது. பல்ப் பழையதேதான், கணக்குப்படி வெளிச்சம் 40 வீதம் கூட. எல்.ஈ.டி பற்றி அவர் பிறகு கேட்கவில்லை.

ரிலே வேலை பழகிய கைக்கு ஒரு பின்னேர வேலை. வேண்டியவை: நாலு கால் ரிலே இரண்டு, 30 அல்லது 40 அம்பியர்; 2.5 சதுர மில்லிமீற்றர் வயர்; பியூஸ் ஹோல்டர் இரண்டு, 15 அம்பியர் பியூஸோடு; செராமிக் எச்4 ஹோல்டர் இரண்டு; வயர் மூடுகிற சுருள் குழாய். கடையில் ரெடிமேட் செற்றும் கிடைக்கும். வாங்குமுன் வயரை வெட்டிப் பார்க்க விடமாட்டார்கள், ஆகவே கையில் பிடித்து வளைத்துப் பாருங்கள். உறை தடிப்பாகவும் உள்ளே செம்பு நூல் போலவும் இருக்கிற வயர்கள் நிறைய வருகின்றன. கால்களில் எண் அடித்திருக்கும். 30க்குப் பற்றரியின் பிளஸ், பியூஸ் வழியாக. 87இலிருந்து பல்புக்கு. 85, 86 இரண்டும் ரிலேயை இழுக்கிற சுருளின் கால்கள். ஒரு ரிலே டிம்முக்கு, மற்றது ஹெட்டுக்கு. இரண்டு 55 வாட் பல்பும் சேர்ந்து எட்டு அம்பியர்தான் இழுக்கும், 15 அம்பியர் பியூஸ் தாராளம். பியூஸைப் பற்றரிக்குப் பக்கத்திலேயே, ஒரு சாணுக்குள் வையுங்கள். தூரத்தில் வைத்தால் இடையில் வயர் உராய்ந்து வண்டியின் பொடியில் (இரும்பு உடலில்) பட்டால் பியூஸ் எரியாது, வயர்தான் எரியும்.

இதில் பலர் தடக்குப்படுகிற இடம் ஒன்று உண்டு. ஜப்பான் வண்டிகள் பலவற்றில் எச்4 பல்பின் பொதுக் கால் எர்த் அல்ல, பிளஸ். சுவிச் மறுபக்கத்தில் எர்த்தைத்தான் மாற்றி மாற்றிக் கொடுக்கும். இது தெரியாமல் பொதுக் காலைப் பொடியில் கட்டினால் பியூஸ் போகும். நான் எந்த வண்டி என்று பார்ப்பதே இல்லை. பழைய ஹோல்டர் ஒன்றைக் கழற்றி, பொதுக் காலிலும் டிம் காலிலும் வருகிற இரண்டு வயரையும் முதல் ரிலேயின் 85, 86க்குக் கொடுத்துவிடுவேன். பொதுக் காலும் ஹெட் காலும் இரண்டாவது ரிலேக்கு. சுருளுக்கு எந்தப் பக்கம் பிளஸ் வந்தாலும் ஒன்றுதான், இழுக்கும். ரிலேக்குள் டயோட் இருந்தால் மட்டும் இது சரிவராது, மேலே வரைந்திருக்கிற படத்தில் அம்புக்குறி போல ஒன்று இருந்தால் அந்த ரிலேயை எடுக்காதீர்கள். புதிய செராமிக் ஹோல்டரில் பொதுக் கால் எர்த்துக்கு, மற்ற இரண்டுக்கும் 87இலிருந்து வருகிற பிளஸ். எது பொதுக் கால் என்பதைப் பல்பையே மீற்றரின் ஓம் அளவில் பார்த்துக் கண்டுபிடிக்கலாம்: மற்ற இரண்டு காலுக்கும் இடையில் வருகிற அளவு, பொதுக் காலோடு வருவதைவிடக் கூடவாக இருக்கும். மற்றப் பக்கத்துப் பழைய ஹோல்டரை டேப் சுற்றி ஓரமாகக் கட்டிவிடுங்கள்.

எர்த்தை மறக்க வேண்டாம். பெயின்றைச் சுரண்டி, இரும்பு மினுங்கும் வரை தேய்த்து, ஆணியை இறுக்கி, மேலே கிறீஸ் பூசுங்கள். வயர் ரேடியேட்டர் விசிறிக்குக் கிட்டவும் சைலன்சர் குழாய்க்குக் கிட்டவும் போகக் கூடாது. வேலை தொடங்குமுன் பற்றரியின் மைனஸ் முனையைக் கழற்றி வைப்பது யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அக்வா போன்ற ஹைபிரிட்களிலும், லைட்டைக் கம்பியூட்டர் கட்டுப்படுத்துகிற புது வண்டிகளிலும் இந்த வெட்டி ஒட்டுகிற வேலைக்குப் போக வேண்டாம். அவற்றில் வோல்ட் இழப்பும் பெரிதாக இராது.

இப்போதுதான் பல்ப். என் விருப்பம், ரிலேயோடு நல்ல ஹலஜன். பிலிப்ஸ், ஒஸ்ராம் போன்றவர்களிடம் அதே 55 வாட்டில் கூடிய வெளிச்சம் தருகிற வகைகள் இருக்கின்றன. நைட் பிரேக்கர் என்கிறார்களே, அந்த மாதிரி. இழை நுணுக்கமாக இருப்பதால் ஆயுசு குறைவு, அதை ஏற்றுக்கொண்டுதான் வாங்க வேண்டும். நீலப் பூச்சுப் பூசிய 'சுப்பர் வைற்' பல்ப் வேண்டாம். பூச்சு வெளிச்சத்தைத் தின்றுவிடும், கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிவதுதான் மிச்சம். 100/90 வாட் பல்பைப் பழைய வயரில் போட்டால் சேரின் ஹோல்டருக்கு நடந்தது ஒரு மாதத்தில் நடக்கும், ரிப்ளெக்டரின் வெள்ளிப் பூச்சும் உரியும். நான் போட்டுக் கொடுப்பதில்லை.

மாட்டும்போது பல்பின் கண்ணாடியில் கை படக் கூடாது. விரல் எண்ணெய் பட்ட இடம் கூடச் சூடாகிக் கண்ணாடி வெடிக்கும். பட்டுவிட்டால் ஸ்பிரிட்டால் துடையுங்கள். எச்4 பல்பின் வளையத்தில் மூன்று காது இருக்கும், ஒன்று அகலம், ஒரு விதமாக மட்டும்தான் உட்காரும். பலம் போட்டு அமுக்க வேண்டியிருந்தால் பிழையாகப் பிடித்திருக்கிறீர்கள். கடைசியாக ரப்பர் மூடியை ஓட்டையில்லாமல் இழுத்து விடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த மழைக்கு உள்ளே வியர்க்கும்.

எல்.ஈ.டிதான் வேண்டும் என்றால்? முடியாது என்று சொல்லவில்லை. ஆனால் உங்கள் லைட் ரிப்ளெக்டரா (பின்னால் வளைந்த வெள்ளிக் கண்ணாடி) புரொஜெக்டரா (முன்னால் உருண்டை லென்ஸ்) என்று பாருங்கள். ரிப்ளெக்டர் ஹலஜன் இழை இருக்கிற இடத்துக்கென்றே வளைத்தது. எச்4 பல்பை உற்றுப் பாருங்கள்: டிம் இழைக்குக் கீழே சின்னக் கரண்டி போல ஒரு தகடு இருக்கும். மேல் பாதி ரிப்ளெக்டரில் மட்டும் வெளிச்சம் பட வைத்து, எதிரே வருகிறவனின் கண்ணைக் காப்பது அந்தத் தகடுதான். எல்.ஈ.டியிலும் சிப் அதே தூரத்தில், அதே தகடோடு, மெல்லிய தண்டில் இருக்க வேண்டும். கடையில் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள், தண்டு தடித்தது என்றால் திருப்பிக் கொடுங்கள். சிப்கள் இடமும் வலமும் பார்க்க நிற்க வேண்டும், மேலும் கீழும் அல்ல. பெட்டியில் 20,000 லுமென் என்று எழுதியிருப்பதைப் படித்துச் சிரித்துவிட்டு வைத்துவிடுங்கள். நிறம் 6000 கெல்வினுக்கு மேல் போகவே வேண்டாம், இலக்கம் கூடக் கூட நீலம் கூடும்; 4300 கிடைத்தால் நல்லது. நனைந்த தாரில் நீலம் கலந்த வெள்ளை எனக்குப் பிடிப்பதில்லை, எதிரே வருகிற வயதானவர்களின் கண்ணையும் அது கூடக் கூசச் செய்யும்.

இன்னும் இரண்டு விசயம். பின்னால் விசிறி உள்ள எல்.ஈ.டிக்கு ரப்பர் மூடி சரியாக மூடாது. மூடாவிட்டால் தூசும் ஈரமும் உள்ளே போகும், இறுக்கி மூடினால் சூடு வெளியே போகாமல் சிப் சாகும். பெரிய மூடி வாங்கிப் போடுங்கள். அப்புறம், மேலே சொன்ன எர்த் மாற்றுகிற வண்டிகளில் சில எல்.ஈ.டிகள் டிம் எரிந்து ஹெட் எரியாமல் நிற்கும். அதற்கென்று ஒரு இடை வயர் விற்கிறார்கள், ரிலே போட்ட வண்டிக்கு அது தேவையில்லை. எச்.ஐ.டி, அதாவது இழைக்குப் பதிலாக வாயுவில் எரிகிற செனன் பல்ப், பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். 35 வாட்டில் 3000 லுமென்னுக்கு மேல் தரும், ஆனால் புரொஜெக்டருக்குள் மட்டும். பற்ற வைக்கிற நேரத்தில் அந்த வயரில் 20,000 வோல்ட்டுக்கு மேல் பாயும், வீட்டில் கை வைக்க வேண்டாம்.

எதைப் போட்டாலும் கடைசியில் லைட்டை மதிலில் பிடித்துச் சரிபார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் வண்டியை வெளியே எடுக்கிறவர்கள்தான் எனக்கு எதிரே வருகிறார்கள் போலும். எங்கள் வளவெல்லாம் மணல், சமதரை கிடைக்காது. நான் பக்கத்து நெல் மில்லின் காயவிடும் களத்துக்குப் போகிறேன்: சீமெந்துத் தரை, முன்னால் வெள்ளைச் சுவர். டயர்க் காற்றைச் சரிபாருங்கள், டாங்கியில் பாதி எண்ணெய் இருக்கட்டும், ஓட்டுகிறவர் இருக்கையில் ஒருவர் இருக்கட்டும். லைட்டை உயர்த்தி இறக்குகிற சக்கரம் டேஷ்போர்டில் இருந்தால் பூச்சியத்தில் வையுங்கள். வண்டியைச் சுவரோடு முட்டக் கொண்டுபோய், ஒவ்வொரு லைட்டின் நடுவுக்கும் நேரே சுவரில் டேப்பால் ஒரு சிலுவைக் குறி போடுங்கள். பிறகு நேராகப் பின்னால் 5 மீற்றர் எடுங்கள். சிலுவையிலிருந்து 5 சென்ரிமீற்றர் கீழே குறுக்காக இன்னொரு டேப்.

டிம்மைப் போட்டு, ஒரு லைட்டைச் சாக்கால் மூடுங்கள். சுவரில் மேலே இருட்டு, கீழே வெளிச்சம், நடுவில் ஒரு கோடு. அந்தக் கோடு கீழ் டேப்பில் உட்கார வேண்டும், கோடு உடைந்து இடது பக்கம் மேலே ஏறத் தொடங்குகிற முனை சிலுவையின் நேர்கோட்டில் நிற்க வேண்டும். லைட்டின் பின்னால் இரண்டு திருகாணி இருக்கும், ஒன்று மேல் கீழ், மற்றது இடம் வலம். நீளமான ஸ்டார் ஸ்க்ரூ ட்ரைவரால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். கோடு வலது பக்கம் ஏறுகிறதென்றால் அது வலப்பக்கம் ஓடுகிற நாட்டுக்குச் செய்த லைட், திருகாணியால் தீராது, யூனிட்டையே மாற்ற வேண்டும். எல்.ஈ.டி போட்டவர்களுக்குக் கோடே வராமல் சுவர் முழுக்கப் புகை போலப் பரவினால், பல்பின் வளையத்தைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். அப்போதும் வராவிட்டால் கழற்றிவிடுங்கள்.

இந்த 5 சென்ரிமீற்றர் எதற்கென்றால்: லைட் தரையிலிருந்து 65 சென்ரிமீற்றர் உயரத்தில் இருந்தால், ஒரு வீதச் சரிவில் டிம் வெளிச்சம் 65 மீற்றர் தூரத்தில் தரையைத் தொடும். ஊருக்கு வெளியே காருக்கு அனுமதித்த 70 கிலோமீற்றர் வேகத்தில், காய்ந்த வீதியில் ஒரு மாட்டைக் கண்டு நிறுத்தக் கிட்டத்தட்ட 55 மீற்றர் வேண்டும். மட்டுமட்டு. கோட்டை இரண்டரை மடங்கு இறக்கிவிட்டால் வெளிச்சம் 26 மீற்றரில் முடிந்துவிடும்.

மேலதிக லைட் கட்டுகிறவர்கள், எல்.ஈ.டி பார் என்றாலும் வட்ட லைட் என்றாலும், அதன் ரிலேயை ஹெட் வயரிலிருந்து இழுங்கள். டிம் பண்ணினால் தானாக அணைய வேண்டும். தனிச் சுவிச்சில் கட்டிவிட்டு எதிரே பஸ் வரும்போது கை தேடுகிறவர்களை ஏ4 வீதியில் தினமும் பார்க்கிறேன், பொலிஸும் பார்க்கிறது. உன்னிச்சைப் பக்கமோ, லகுகல வழியாகவோ இரவில் போகிறவர்கள் யானை கண்டால் ஹெட்டை அடித்து அடித்து அணைக்க வேண்டாம். தூரத்திலேயே நிறுத்தி, டிம்மில் வைத்துக்கொண்டு, அது போகும் வரை பொறுத்திருங்கள், அல்லது மெதுவாகப் பின்னால் எடுங்கள்.

பல்பை எப்போதும் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். கழற்றிய பழைய பல்ப் எரிகிறதென்றால் எறியாமல் துணியில் சுற்றி டேஷ்போர்ட் பெட்டிக்குள் போடுங்கள், கூடவே 15 அம்பியர் பியூஸ் இரண்டு. புது ரிலே போட்டு ஒரு கிழமை ஓடிய பிறகு, லைட்டை அணைத்துவிட்டு ஹோல்டரையும் பியூஸ் ஹோல்டரையும் கையால் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு இருந்தால் அங்கே வயர் முனையின் கிளிப் சரியாக இறுகவில்லை, அதைத் திரும்ப அழுத்தி இறுக்குங்கள்.